பிள்ளைகளோடு நிதானமாகச் சுற்ற எந்த நகரம்? லண்டன், சிங்கப்பூர், வியன்னா, கோபன்ஹேகன்

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்ததுமே வீட்டில் ஆளுக்கொரு பட்டியல் வந்துவிடும். அந்த ஊரில் பார்க்க இருபது இடம், இந்த ஊரில் முப்பது இடம். அந்தக் கணக்கை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. நாலைந்து வயதுப் பிள்ளை கூட இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், நேரமிருந்தால் ஒரு சின்ன இடம். அதற்கு மேல் நடக்காது. ஆறு நாள் பயணத்துக்குப் பத்து இடம் இருந்தால் தாராளம். எந்தப் பெரிய நகரத்திலும் பத்து இடம் இருக்கும்.

நான் ஊரை எடைபோடும் கேள்வி வேறு. பாதியில் எழுந்து வர முடியுமா? அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து நாற்பது நிமிடத்தில் சின்னது சிணுங்க ஆரம்பிக்கிறது. "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கிறோம், இன்னும் இரண்டு மாடி பாக்கி இருக்கிறது" என்று இழுத்துக்கொண்டு நடக்காமல், சரி போகலாம் என்று கிளம்பிவிட முடிய வேண்டும். கிளம்பினால் வாசலுக்குப் பக்கத்திலேயே ஓடியாட இடம் வேண்டும். ஸ்ட்ரோலரை மடிக்காமல் ஏற ஒரு வண்டி வேண்டும். அரை மணிக்குள் அறைக்குத் திரும்பி, மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி வெளியே வர வேண்டும். இது முடிகிற ஊரில் பெரியவர்களுக்கும் விடுமுறை கிடைக்கும். முடியாத ஊரில் பிள்ளைகளுக்கு முன்னால் பெற்றோர் களைத்துப்போவார்கள்.

இந்தக் கேள்வியை லண்டன், சிங்கப்பூர், வியன்னா, கோபன்ஹேகன் ஆகிய நான்கு ஊர்களிடம் கேட்டுப் பார்ப்போம். நான்குமே குடும்பங்களுக்கு நல்ல ஊர்கள் என்று பெயர் வாங்கியவைதான். ஆனால் ஒன்றில் சுலபமாக இருப்பது இன்னொன்றில் பெரும்பாடாக இருக்கிறது.

லண்டன்: நுழைவது இலவசம், படியிறங்குவதுதான் பாடு

2001 டிசம்பரிலிருந்து பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் பொது நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதன் மதிப்பு மிச்சமாகும் பணத்தோடு நிற்பதில்லை. காசு கொடுக்கவில்லை என்றால் வருத்தமில்லாமல் வெளியே வரலாம் அல்லவா? இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மைய மண்டபத்தில் 2017 முதல் 25.2 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, டைனோசர் பகுதியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒரு மணி நேரத்தில் கிளம்பினாலும் அது முழுமையான நாள்தான். மறுநாள் அதே வீதிக்கு வந்து பக்கத்திலிருக்கும் அறிவியல் அருங்காட்சியகத்துக்குள் நுழையலாம். அதுவும் இலவசம். அதற்குள் இருக்கும் வொண்டர்லேப் என்ற செய்துபார்க்கும் கூடத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு. கிழக்கே பெத்னல் கிரீனில் 2023இல் மறுபடி திறந்த யங் வி அண்ட் ஏ, பிள்ளைகளுக்காகவே அமைத்த அருங்காட்சியகம். கைக்குழந்தை தவழவே அங்கு தனி இடம் வைத்திருக்கிறார்கள். அங்கும் கட்டணம் இல்லை.

கட்டணம் வாங்குகிற இடங்களிலும் லண்டன் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்கிறது. கோவென்ட் கார்டனில் இருக்கும் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் வாங்கும் டிக்கெட் ஒரு வருடம் செல்லும். அதாவது இன்றைக்குப் பாதி, நாளை மறுநாள் மீதி. பேருந்துப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் இரண்டாவது தடவை நிச்சயம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து கால்மணி நடையில் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்றொரு ஏழு ஏக்கர் விளையாட்டு மைதானம் இருக்கிறது. பிள்ளை கூட இல்லாமல் பெரியவர்கள் உள்ளே போக முடியாது. வாசலில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறார்கள். காலையில் எகிப்திய மம்மிகள், மதியம் மணல்குழி என்று ஒரு நாளைப் பிரித்துக்கொள்ள இதைவிட வசதியான இரட்டை லண்டனில் இல்லை. செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் 1664 முதல் கூழைக்கடாக்கள் இருக்கின்றன. மதியம் இரண்டரை மணி வாக்கில் அவற்றுக்கு மீன் போடுவார்கள். அரண்மனை வாசலில் காவலர் மாற்றம் பார்க்க ஒன்றரை மணி நேரம் கூட்டத்தில் நிற்பதைவிட இதற்குப் போகலாம். பிள்ளைகளுக்குக் காவலரின் தொப்பிகூடத் தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

இனி கஷ்டம். லண்டனின் சுரங்க ரயில் 1863இல் தொடங்கியது. அதன் 272 நிலையங்களில் தெருவிலிருந்து நடைமேடை வரை படியில்லாமல் போக வழியிருப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஸ்ட்ரோலரை ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு படியிறங்கும் பெற்றோரை எந்த நேரமும் பார்க்கலாம். தாத்தா பாட்டியும் கூட வந்தால் இது இன்னும் சிக்கல். அதனால் சுரங்க ரயிலை மறந்துவிட்டுப் பேருந்தைப் பிடிப்பதே என் கட்சி. எல்லாப் பேருந்துகளும் தாழ்தளம். ஸ்ட்ரோலரை மடிக்காமல் நிறுத்த நடுவில் இடம் உண்டு. சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த இடத்தை அவருக்கு விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறி ஏறினாலும் ஒரே கட்டணம். 11 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பேருந்தும் இலவசம், பெரியவரோடு வந்தால் சுரங்க ரயிலும் இலவசம். மாடிப் பேருந்தின் முன்வரிசை இருக்கை கிடைத்துவிட்டால் தனியாக ஊர்சுற்றும் பேருந்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. சாலை நெரிசலில் மெதுவாகத்தான் போகும், போகட்டுமே.

ரயில்தான் வேண்டுமென்றால் இரண்டு தடங்களை நினைவில் வையுங்கள். 2022இல் திறந்த எலிசபெத் தடத்தின் எல்லா நிலையங்களிலும் லிஃப்டோ சாய்தளமோ உண்டு. ஹீத்ரோவிலிருந்து நகரின் நடுவுக்கு அதிலேயே வந்துவிடலாம். கிழக்கே ஓடும் டிஎல்ஆர் ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது. முன்கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்து பிள்ளைகளே ரயில் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு மழை நாளை அதிலேயே கழித்துவிட முடியும்.

சிங்கப்பூர்: எங்கும் லிஃப்ட், ஆனால் வெயில்

லண்டனில் எது கஷ்டமோ அது சிங்கப்பூரில் கஷ்டமே இல்லை. எம்ஆர்டி என்ற நகர ரயிலின் நிலையங்கள் அனைத்திலும் லிஃப்ட் உண்டு, கழிப்பறையும் பக்கத்திலேயே இருக்கும். விரித்த ஸ்ட்ரோலரோடு பேருந்தில் ஏற 2017 முதல் அனுமதி இருக்கிறது. 0.9 மீட்டருக்குள் உயரம் இருக்கும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்பதால், கூட வரும் பாட்டிகூடச் சில பலகைகளைத் தானாகவே படித்துக்கொள்வார். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீர்கூட. மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். பசி தாங்காத பிள்ளையாக இருந்தால் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே வயிற்றைக் கவனித்துவிடுங்கள்.

வெயில்தான் சிங்கப்பூரின் படிக்கட்டு. வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, கூடவே புழுக்கம். மதியத்துக்கு மேல் இடியோடு மழை வந்தால் திறந்தவெளித் திட்டமெல்லாம் கலையும். நீச்சல் குளங்களிலிருந்தும் எழுப்பிவிடுவார்கள். இந்த ஊரில் நாளை மூன்றாக வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலை ஏழிலிருந்து பத்து வரை வெளியே, பதினொன்றிலிருந்து நான்கு வரை குளிரூட்டிய இடத்திலோ அறையிலோ, ஐந்துக்கு மேல் மறுபடி வெளியே. பிள்ளைகளின் தூக்க நேரத்தோடு இது தானாகவே பொருந்திவிடுகிறது. அதனால்தான் மூன்று வயதுப் பிள்ளைக்கு லண்டனைவிட இது பொருத்தம் என்கிறேன்.

காலை நேரத்துக்குப் பூமலை. 1859இல் அமைந்த தாவரவியல் தோட்டம், 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவு இலவசம், வாசலிலேயே எம்ஆர்டி நிலையம். அதற்குள் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. இங்கும் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் மாதிரியே, பிள்ளை இல்லாமல் பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. இதற்கும் காசு இல்லை. சாயங்காலத்துக்குக் கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே). 25 முதல் 50 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்த இரும்பு மரங்களின் அடியில் படுத்துக்கொண்டு 7:45க்கு ஒளிக்காட்சி பார்க்கலாம். தரையிலிருந்து பார்க்கக் கட்டணம் கிடையாது. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். 8:45க்கு இன்னொரு காட்சி உண்டு, ஆனால் அதற்கு இருக்காதீர்கள். 35 மீட்டர் அருவி கொட்டும் கண்ணாடிக் கூடத்துக்கு டிக்கெட் வேண்டும். அதை வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொண்டால் கொடுத்த காசு குளிரிலேயே திரும்பிவிடும்.

சிங்கப்பூரில் என் கேள்விக்குத் தோற்பவை பெரிய கட்டண இடங்கள்தான். உயிரியல் பூங்கா மண்டாயில் இருக்கிறது. வாசலுக்கு எம்ஆர்டி இல்லை. ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து மாற வேண்டும். டிக்கெட்டும் மலிவில்லை. அவ்வளவு தூரம் போய் ஒரு மணி நேரத்தில் திரும்ப யாருக்கும் மனம் வராது. 26 ஹெக்டேர் இடம் என்பதால் உள்ளே ஓடும் டிராமை முதலிலேயே பிடித்துவிடுங்கள், நடப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1994இல் தொடங்கிய நைட் சஃபாரி பிரமாதமான இடம்தான். ஆனால் அது களைகட்டும் நேரத்தில் நாலு வயதுப் பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். எட்டு வயதாகட்டும். செந்தோசாவில் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பெரும்தொகை கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பதைவிட அதே தீவின் கடற்கரையில் வாளியும் கையுமாக ஒரு காலைப்பொழுது உட்காரலாம். கடற்கரைக்குக் கட்டணம் இல்லை. தீவுக்குள் ஓடும் ரயிலும் பேருந்தும் இலவசம்.

டாக்சி விஷயம் ஒன்று. 1.35 மீட்டருக்குள் இருக்கும் பிள்ளைக்குக் காரில் தக்க இருக்கை வேண்டும் என்பது அங்கே சட்டம். வழக்கமான டாக்சிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. செயலியில் வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. செயலியில் பதியும்போது குழந்தை இருக்கை உள்ள வண்டியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வியன்னா: வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகளுக்கு

நாலு வயதில் ஒன்று, பன்னிரண்டு வயதில் ஒன்று இருக்கும் வீட்டுக்குத்தான் ஊர் தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே கஷ்டம். பெரியதற்குப் பிடிப்பது சின்னதற்கு அலுக்கும், சின்னதன் மணல்வீட்டைப் பார்த்து பெரியது முகத்தைத் திருப்பும். இந்த வீட்டுக்கு வியன்னாவைச் சொல்வேன்.

காரணம், அங்கே எல்லாம் ஒன்றுக்கொன்று எதிரெதிரே இருக்கிறது. மரியா தெரசா சதுக்கத்தின் ஒரு பக்கம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், எதிர்ப்பக்கம் அதே அச்சில் வார்த்த கலை வரலாற்று அருங்காட்சியகம். நடுவில் பூங்கா. சாலையைக் கடந்தால் மியூசியம்ஸ்குவார்ட்டியர் வளாகம், அதற்குள் சூம் என்ற சிறுவர் அருங்காட்சியகம். சூமில் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். அப்பா பெரியவளோடு ஓவியங்களைப் பார்க்கப் போகலாம், அம்மா சின்னவனோடு டைனோசருக்குப் போகலாம், ஒரு மணி நேரம் கழித்து நடுப் பூங்காவில் சந்திக்கலாம். ஆஸ்திரியாவின் கூட்டாட்சி அருங்காட்சியகங்களில் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 2010 முதல் நுழைவு இலவசம். பெரியவர்களுக்கு டிக்கெட் உண்டு. லண்டன் அளவுக்கு மனம் லேசாக வெளியே வர முடியாது, ஆனால் நாலு பேர் டிக்கெட்டின் சுமையும் இல்லை.

ஷோன்புருன் அரண்மனையின் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. அரண்மனை அறைகளுக்கு உண்டு. சின்னப் பிள்ளைகளோடு அதைத் தவிர்த்துவிட்டுத் தோட்டத்திலேயே இருந்துவிடலாம். அந்த வளாகத்துக்குள் இருக்கும் உயிரியல் பூங்கா 1752இல் தொடங்கியது. இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் உயிரியல் பூங்காக்களில் இதுதான் மிகப் பழையது. யு4 ரயிலில் ஏறி ஹீட்சிங்கில் இறங்கினால் வாசல் பக்கம். மண்டாய் மாதிரி நாள் முழுவதையும் விழுங்காமல் அரை நாளில் பார்த்துத் திரும்பலாம்.

பிராட்டர் கேளிக்கைப் பூங்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கேள்விக்கு மிகச் சரியான விடை அதுதான். உள்ளே நுழையக் காசு இல்லை. ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் அந்தந்த இடத்தில் கொடுத்தால் போதும். நாள் டிக்கெட் வாங்கிவிட்டால் காசுக்கு ஏற்ப சுற்றியாக வேண்டும் என்ற நெருக்கடி வரும். பிராட்டரில் அது இல்லை. 1897இல் எழுப்பிய, ஏறக்குறைய 65 மீட்டர் உயரமுள்ள ராட்சதச் சக்கரத்தில் ஒரு சுற்று, 1928 முதல் மரங்களுக்கிடையே ஓடும் குட்டி ரயிலில் ஒரு சுற்று, போதும் என்றால் போதும். பன்னிரண்டு வயது வயிற்றைக் கலக்கும் வண்டிகளில் ஏறும்போது நாலு வயது பக்கத்துப் புல்வெளியில் உருளலாம். எல்லாம் முடிந்து பிராட்டர்ஷ்டேர்ன் நிலையத்துக்குச் சில நிமிட நடை.

வியன்னாவின் யு-பான் என்ற சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. தாழ்தள டிராம்களில் ஏறும் உயரம் 20 சென்டிமீட்டருக்கும் குறைவு, ஸ்ட்ரோலர் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். ஆறு வயதுக்குள் கட்டணம் இல்லை. கோடை நாட்களில் யு1இல் டோனாவ்இன்செல் நிலையத்தில் இறங்கினால் 21 கிலோமீட்டர் நீளத் தீவு. நீரில் இறங்கவும் புல்லில் கிடக்கவும் காசு வேண்டாம். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர், 1873இலிருந்து அப்படித்தான். தண்ணீர் பாட்டில் வாங்கும் செலவு மிச்சம்.

குறையென்றால் ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மூடிவிடும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் டயாபர், பால், பழம் எல்லாம் வாங்கி வைத்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், பழைய கட்டடங்களில் ஏசி இருக்காது. அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

கோபன்ஹேகன்: சுகம்தான், பர்ஸ் தாங்கினால்

வசதி என்று மட்டும் பார்த்தால் நான்கில் முதலிடம் கோபன்ஹேகனுக்குத்தான். ஓட்டுநர் இல்லாத மெட்ரோ இரவு பகலாக ஓடுகிறது, எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, விமான நிலையத்திலிருந்து நடு ஊருக்குக் கால்மணி. 2019இல் திறந்த வட்டத் தடம் 17 நிலையங்களை 24 நிமிடத்தில் சுற்றி வருகிறது. ஒரு பெரியவரோடு 12 வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் இலவசமாகப் போகலாம். நகராட்சியின் சில விளையாட்டுத் திடல்களில் பணியாளர்களே இருந்து பொம்மைகளும் வண்டிகளும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஃபேலெட்பார்க்கன் பூங்காவில் குட்டிச் சாலைகளும் சிக்னல்களும் வைத்த ஒரு திடலே உண்டு. கோடையில் இஸ்லண்ட்ஸ் பிரிக்கே துறைமுகக் குளத்தில் நீந்தக் கட்டணம் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு ஆழமில்லாத பகுதி தனி.

1843 முதல் இருக்கும் டிவோலி பூங்கா மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. போக வரச் சுலபம். ஆனால் நுழைவுக்கு ஒரு டிக்கெட், ஏறும் வண்டிகளுக்கு இன்னொன்று. பிராட்டருக்குப் பழகிய மனம் இதில் முறுக்கிக்கொள்ளும். வருடம் முழுக்கவும் திறந்திருக்காது. கோடை, ஹாலோவீன், கிறிஸ்துமஸ் என்று பருவம் பிரித்துத் திறப்பார்கள். இடையில் போனால் பூட்டிய கதவுதான்.

நான்கில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் அதிகம் கேட்கும் ஊரும் இதுதான். நாலு நாளுக்கு மேல் இங்கே தங்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கான இடங்களும் அதற்குச் சரியாகத்தான் இருக்கும்.

இருட்டும் நேரம், அறை, விசா

பயணக் கட்டுரைகளில் பொதுவாக யாரும் எழுதாத ஒன்று சூரியன் மறையும் நேரம். ஜூன் கடைசியில் கோபன்ஹேகனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். லண்டனில் ஒன்பதேகால், வியன்னாவில் ஒன்பது. வெளியே வெளிச்சம் இருக்கும்போது "தூங்கு" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? கனமான திரைச்சீலை இருக்கிறதா என்று அறை பதியும்போது கேட்பது கேலிக்குரிய விஷயமே இல்லை. டிசம்பரில் கதை தலைகீழ். கோபன்ஹேகனும் லண்டனும் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும், வியன்னா நாலு மணியோடு. பகல் ஏழெட்டு மணி நேரம்தான் என்றால் மதியத் தூக்கம் போட்டு எழும்போது பூங்காக்கள் மூடியிருக்கும். சிங்கப்பூரில் மட்டும் எந்த மாதமும் ஏழு மணியை ஒட்டித்தான் விடியும், இருட்டும். தூக்கம் கலைந்தால் மறுநாள் முழுக்கப் படுத்தும் பிள்ளை உங்களுடையது என்றால் இந்த ஒரு காரணமே போதும்.

ஓட்டலா, அடுக்ககமா என்ற கேள்விக்கு என் விடை எப்போதும் அடுக்ககம்தான். பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கிய பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேச இன்னொரு அறை வேண்டும். ஒற்றை ஓட்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போனைப் பார்ப்பது விடுமுறை ஆகாது. துணி துவைக்க இயந்திரம் இருந்தால் பெட்டியும் பாதியாகிவிடும். ஆனால் சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. அங்கே சமையலறையோடு கூடிய சர்வீஸ் அபார்ட்மெண்ட் அல்லது இரண்டு அறை இணைந்த ஓட்டல், இந்த இரண்டில் ஒன்றுதான். லண்டனில் தங்க நான் சொல்வது புளூம்ஸ்பரி. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் கோரம்ஸ் ஃபீல்ட்ஸும் நடை தூரம். வியன்னாவில் மியூசியம்ஸ்குவார்ட்டியருக்குப் பின்னால் இருக்கும் ஏழாவது வட்டாரம். சிங்கப்பூரிலும் கோபன்ஹேகனிலும் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருந்தால் எந்தப் பக்கமும் சரி.

விசா தேவைப்படும் கடவுச்சீட்டு என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். வியன்னாவுக்கும் கோபன்ஹேகனுக்கும் ஒரே ஷெங்கன் விசா செல்லும். அதில் ஆறு வயதுக்குள் கட்டணம் இல்லை, 6 முதல் 11 வயது வரை பெரியவர்களின் கட்டணத்தில் பாதி. பிரிட்டனின் பார்வையாளர் விசாவில் கைக்குழந்தைக்கும் பெரியவர் கட்டணமேதான். மூன்று பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தில், லண்டன் அருங்காட்சியகங்களில் மிச்சமாகும் பணம் இங்கேயே போய்விடலாம்.

ஒரே பயணத்தில் இரண்டு ஊர் பார்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். பெட்டி கட்டி, அறை மாற்றி, புது ஊரில் பால் எங்கே கிடைக்கும் என்று தேடி முடிப்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். மாற்றம் வேண்டுமானால் பகலில் போய் இரவில் திரும்பும் தூரத்தில் தேடுங்கள். வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. கோபன்ஹேகனிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஸ்வீடனின் மால்மோ. கடவுச்சீட்டுகளை மறக்காமல் எடுத்துக்கொண்டால் போதும்.

என் தீர்ப்பு

ஐந்து வயதுக்குள் ஒரே பிள்ளை, அல்லது கூட வரும் பெரியவர்களுக்கு முழங்கால் வலி: சிங்கப்பூர். ஆறிலிருந்து பதினொன்று வரை, கேள்வி கேட்டுத் துளைக்கும் பிள்ளைகள், ஸ்ட்ரோலர் தேவையில்லை: யோசிக்காமல் லண்டன், அதுவும் மே அல்லது செப்டம்பரில். வயது வித்தியாசம் அதிகம்: வியன்னா. கோபன்ஹேகனைத் தனிப் பயணமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பாவில் ஏற்கெனவே இருப்பவர்கள், ஜூன் ஆகஸ்டுக்கு இடையில் நீண்ட வார இறுதிக்குப் போய்வரலாம். முதன்முறை விமானமேறும் கைக்குழந்தையோடு போகிறவர்கள் எங்கிருந்து கிளம்பினாலும், பறக்கும் நேரம் குறைவான ஊரைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிடலாம்.

டிக்கெட் போடும் முன் மூடும் நாட்களைப் பார்த்துவிடுங்கள். ஜேக்கப் பல்லாஸ் தோட்டம் திங்களன்று மூடியிருக்கும். வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. எதிரிலிருக்கும் கலை அருங்காட்சியகம் கோடை தவிர்த்த மாதங்களில் திங்களன்று திறக்காது. அதனால் அந்தச் சதுக்கத்துக்குப் புதன் முதல் ஞாயிறு வரை ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இலவச நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்பே எடுத்துவிட்டால் பள்ளி விடுமுறை வரிசையிலிருந்து தப்பலாம். டிசம்பர் 24 முதல் 26 வரை அது மூடியிருக்கும். 25ஆம் தேதி லண்டனில் பேருந்தும் சுரங்க ரயிலும் ஓடாது. அன்றைக்குத் தரையிறங்கும் விமானத்தை மட்டும் எடுக்காதீர்கள்.